எத்தனை வருடம் இருந்தால் சொந்த ஊர்? மலையகத்தில் இருந்து பிரித்தானிய அரசியலைப் பார்க்கும்போது

பிரித்தானிய உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் 2025 நவம்பர் 17ஆம் திகதி அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் அறிவித்த புதிய அடைக்கலக் கொள்கையைப் பற்றி உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இனிமேல் அங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்படுகிறவருக்குத் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும், முப்பது மாதத்துக்கு ஒருமுறை அதை மறுபடி பரிசீலிப்பார்கள், சொந்த நாட்டில் நிலைமை சரியாகிவிட்டது என்று அதிகாரிகள் முடிவெடுத்தால் திருப்பி அனுப்பலாம், நிரந்தரமாக இருக்க விண்ணப்பிப்பதற்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டும். இதுவரை அது ஐந்து வருடமாக இருந்தது. டென்மார்க்கைப் பார்த்துத்தான் இதைச் செய்கிறோம் என்று அரசாங்கமே சொல்கிறது. அதே வாரத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. வேலை வீசாவில் வந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க ஐந்து வருடத்துக்குப் பதிலாகப் பத்து வருடம், பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களுக்குப் பதினைந்து வருடம்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் பின்னேரங்களில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் செய்தியை வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பேசத் தொடங்கிய கையோடு டித்வா சூறாவளி வந்துவிட்டது, மலைகள் சரிந்தன, பாதைகள் உடைந்தன, பிள்ளைகளின் வீடுகளிலேயே சேதம், வகுப்பு நடத்தும் நிலையில் யாரும் இல்லை. மறுபடி எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது விட்ட இடத்தில் இருந்தே தொடங்கினோம். அந்தப் பேச்சில் இருந்து வந்ததுதான் இந்தப் பதிவு.

பாடத்தில் பிரித்தானிய அரசியலமைப்பு வரும். எழுதப்படாதது, நெகிழும் தன்மை கொண்டது, பாராளுமன்ற மேலாண்மை, மரபுகள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு பிரதமர் 2022இல் வெறும் 49 நாள் பதவியில் இருந்துவிட்டு எப்படிப் போனார், அவருக்கு அடுத்தவரைப் பொதுத்தேர்தலே வைக்காமல் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால்தான் அந்த 'மரபுகள்' என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று புரியும். அதனால்தான் நான் எப்போதும் அன்றன்றைய செய்தியில் இருந்து தொடங்குவேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிரித்தானியா நுவரெலியாவில் இருக்கிறது. சிவப்புச் செங்கல் தபாலகம், விக்டோரியா பூங்கா, குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், இரவு ஏழு மணிக்குப் பிறகு கோட்டும் டையும் இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள் விடாத ஹில் கிளப். டிக்கோயாவில் வோலி தேவாலயம் இருக்கிறது, 1878இல் கட்டியது, கல்லறைத் தோட்டத்தில் துரைமார்களும் அவர்களுடைய குழந்தைகளும். இதெல்லாம் விக்டோரியா காலத்துப் பிரித்தானியா, போனவர்கள் விட்டுப்போனது. சுற்றுலா வருபவர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள், நம்மவர்களும் அப்படியே நம்புகிறார்கள். உண்மையான இங்கிலாந்தில் இப்போது என்ன நடக்கிறது என்றால், லண்டன் மேயர் பாகிஸ்தானில் இருந்து வந்த பஸ் ஓட்டுநரின் மகன், பழமைவாதக் கட்சியின் தலைவி கெமி படெனொக் நைஜீரியாவில் வளர்ந்தவர், ஸ்ட்ரட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியின் உறுப்பினர் உமா குமரன் நம் நாட்டில் இருந்து யுத்தத்துக்குத் தப்பிப் போன தமிழ்ப் பெற்றோரின் மகள். அந்தப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண் அவர். இந்தப் பிரித்தானியாவை நுவரெலியாவில் நின்று பார்க்க முடியாது.

வகுப்பில் முதல் கேள்வி கேட்டது ஒரு பிள்ளை, அவளுடைய சித்தி பராமரிப்பு வேலைக்கான கெயார் வீசாவில் போய் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். "சேர், சித்தி போகும்போது அஞ்சு வருசம்னுதான் சொன்னாங்க. போனதுக்கு அப்புறம் எப்படி மாத்தலாம்?" என்று கேட்டாள். மாற்றலாமா என்பது எனக்கும் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்த வீசாவை 2022 பெப்ரவரியில் திறந்துவிட்டவர்களே பிரித்தானியர்கள்தான், முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால். 2024 மார்ச்சில் இருந்து குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இப்போது, ஏற்கனவே போய் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும் பதினைந்து வருடம் என்கிறார்கள். காலையில் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று சொல்லி மலைக்கு அனுப்பிவிட்டு, பின்னேரம் தராசடியில் வந்து இருபத்திரண்டு கேட்பதைப் போன்றது இது. கொழுந்து எடுத்த எந்த அம்மாவிடம் கேட்டாலும் இதில் உள்ள அநியாயத்தைச் சொல்லுவார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை வருடம் இருந்தால் ஒருவர் ஒரு நாட்டுக்குச் சொந்தம், அதற்கு என்ன தாள் காட்ட வேண்டும், அந்தத் தாளைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர் யார்? பிரித்தானிய அரசியல் முழுக்க இன்றைக்கு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பும் இதுதான், குடியேறிகளுக்கு எதிரான 2024 ஆகஸ்ட் கலவரங்களும் இதுதான், 2025 செப்டம்பரில் லண்டன் தெருக்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடியோடு போன ஊர்வலமும் இதுதான். இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் நாங்கள். 1823 முதல் தென்னிந்தியாவில் இருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள், 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்து இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தவர்கள், இன்னமும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள். எனவே பிரித்தானியச் செய்தியை நாம் வெளியில் நின்று வேடிக்கை பார்க்கத் தேவையில்லை. நமக்கு அதில் சொல்ல விஷயம் இருக்கிறது.

1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஜூன் 22ஆம் திகதி எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் டில்பரி துறையில் இறக்கியது. அடுத்த மாதமே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, குடியேற்ற நாடுகளில் பிறந்தவர்களும் பிரித்தானியப் பிரஜைகள், அவர்கள் வந்து இருக்கலாம், வேலை செய்யலாம் என்று. அதே 1948இல், பெப்ரவரியில் சுதந்திரம் வாங்கிய இலங்கை, நவம்பரில் தன் பிரஜாவுரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, அதே பிரித்தானியர்களின் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கியது. ஒரே பேரரசு, ஒரே வருடம். ஒரு பக்கம் கதவு திறந்தது, இன்னொரு பக்கம் வீட்டுக்குள் இருந்தவர்களையே வெளியாட்கள் ஆக்கினார்கள். நம்முடைய பாடப்புத்தகத்தில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது, அவர்களுடைய கதையில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பிரித்தானியா என்றால் என்ன என்று விளங்கும்.

இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டது. விண்ணப்பிக்கலாம், ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்பு தொடர்ச்சியாக, கலியாணம் ஆனவர் என்றால் ஏழு வருடம், ஆகாதவர் என்றால் பத்து வருடம் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

எங்கள் வீட்டில் அப்பாயியின் டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. அடியில் பூச்சி உருண்டை, மேலே ஒரு பழைய சேலை, அந்தச் சேலைக்குள் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் தாள்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்பாவைச் சேர்த்ததற்கான துண்டு, செக்ரோலில் (தோட்ட வேலையாட்களின் பதிவில்) பெயர் இருக்கிறது என்று தோட்டக் காரியாலயம் எழுதிக்கொடுத்த கடிதம், மடிப்பில் கிழிந்து பின்னால் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பிறப்புச் சான்றிதழ். தாத்தாவின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருக்கும், ஏனென்றால் எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக அவர் எத்தனை முறை கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில் நின்றார் என்று அப்பாயி சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எதை எடுப்பது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தார்கள். நகை இருந்தால்தானே எடுக்க, இந்தப் பையைத்தான். இதை வாசிக்கும் மலையகத்தவர்களின் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும், சந்தேகமே இல்லை.

இப்போது விண்ட்ரஷுக்குத் திரும்புங்கள். அந்தக் கப்பலிலும் அதற்குப் பின்னாலும் வந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சட்டப்படி அங்கே இருக்கும் உரிமை இருந்தது, 1973 ஜனவரிக்கு முன்பு வந்தவர்கள் எல்லோரும் இருக்கலாம் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு தாளும் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை, அதனால் யாரும் வைத்திருக்கவும் இல்லை. பிறகு 2012இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே, சட்டவிரோதமாக இருப்பவர்களுக்கு நாட்டில் வாழவே முடியாத சூழலை உண்டாக்குவோம் என்றார். வீடு வாடகைக்கு விடுகிறவர், வங்கி, வேலை கொடுக்கிறவர், மருத்துவமனை எல்லோரும் தாள் கேட்கத் தொடங்கினார்கள். ஐம்பது வருடமாக வரி கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டவர்களிடம் போய், நீங்கள் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது நிரப்பிய அட்டைகளை உள்துறை அமைச்சே 2010இல் அழித்திருந்தது. வேலை போனது, வீடு போனது, புற்றுநோய்க்குச் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், தவறாக நாடு கடத்தப்பட்டவர்கள் குறைந்தது 83 பேர் என்று பின்னால் அரசாங்கமே ஒத்துக்கொண்டது. 2018இல் இது வெடித்தபோது உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார்.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது பின் வரிசையில் இருந்த ஒரு பையன் சொன்னான், "அவங்களுக்கும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்திருக்கணும் சேர்." நான் அப்பாயியின் பெட்டியைப் பற்றி அதற்கு முதல் வகுப்பில் சொல்லியிருந்தேன். அவன் சொன்னது சரிதான், ஆனால் பெட்டி வைத்திருந்த எங்களையும் விடவில்லையே.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், மலையகத்திலேயே அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது என்பது எனக்குப் பெரிய கவலை. கோடாக்கன் பிள்ளை. றுவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க முடியாது என்று சொன்னதை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்கிறதே, பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் அதை மீறுகின்றனவே என்பது வாதம். பதிவை மீளாய்வு செய்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அப்போது நமக்குக் கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். சுதந்திரம் வாங்கிய பிறகும் 1971 வரைக்கும் அதுதான் கடைசிப் படி. அது அமர்ந்திருந்தது டவுனிங் வீதியில், பிரதமரின் வீடு இருக்கிற அதே தெரு. வழக்கு அங்கே போனது. 1953இல் அங்கேயும் தோற்றது. தன் நாட்டவர் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான, முறையான வேலை, இதில் பாகுபாடு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது கொழும்பு, அதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் அதற்கு முத்திரை குத்தியது லண்டன். எங்களைக் கொண்டுவந்து, காடு வெட்டவைத்து, முதலில் கோப்பி, அது நோய் வந்து அழிந்ததும் தேயிலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட வருடம் இலாபம் எடுத்தவர்களின் நீதிமன்றம்தான் அது. 'பிரித்தானிய நீதி' என்று நம் பெரியவர்கள் சிலர் மரியாதையோடு சொல்லும்போது நான் இந்த வழக்கைத்தான் எடுத்து வைப்பேன்.

இன்னொரு நம்பிக்கையையும் பேசிவிட வேண்டும். தொழிற்சங்கத்தில் ஊறிய நம்முடைய பெரியவர்களுக்குப் பிரித்தானியத் தொழிற்கட்சி என்றால் ஒரு பாசம், தொழிலாளர் கட்சி, நம்ம பக்கம் நிற்கும் என்று. 1948இல் அங்கே ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சிதான், அட்லி பிரதமர். 1968இல் கென்யாவில் இருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வரத் தொடங்கிய ஆசியர்களைத் தடுக்க மூன்றே நாளில் ஒரு சட்டத்தை ஓட்டியதும் தொழிற்கட்சி அரசாங்கம்தான். 2025 மே 12ஆம் திகதி, குடிவரவைப் பற்றிப் பேசிய பிரதமர் கெய்ர் ஸ்டார்மர், நாம் 'அந்நியர்களின் தீவாக' மாறும் ஆபத்து இருக்கிறது என்றார். 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் ஈனக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சின் வாடை இதில் அடிக்கிறது என்று அவருடைய சொந்தக் கட்சியிலேயே பலர் கொதித்தார்கள். அப்படிச் சொன்னதற்கு வருந்துகிறேன் என்று அடுத்த மாதம் ஸ்டார்மரே சொன்னார். சொல் திரும்பப் பெறப்பட்டது, கொள்கை அப்படியே நின்றது.

அதே பர்மிங்ஹாமில் பிறந்தவர்தான் ஷபானா மஹ்மூத், காஷ்மீரில் இருந்து போன பெற்றோரின் மகள். கடந்த பத்து வருடத்து உள்துறை அமைச்சர்களில் சிலரைப் பாருங்கள், சாஜித் ஜாவித், ப்ரீதி படேல், சுவெல்லா பிரேவர்மன், இப்போது இவர், எல்லோரும் வந்தவர்களின் பிள்ளைகள். பிள்ளைகள் கேட்டார்கள், வந்தவங்க பிள்ளைங்களே இப்படிச் செய்யலாமா என்று. நான் இதைத் துரோகம் என்று சொல்லி முடித்துவிட விரும்பவில்லை. அங்கே ஒருவர் தன்னை 'முழுமையான' பிரித்தானியராக நிரூபிக்க வேண்டியிருக்கிறது, கதவைச் சாத்துவதில் முன்னால் நின்றால்தான் உள்ளே இருப்பவராக ஏற்றுக்கொள்கிறார்கள். மஹ்மூத் பாராளுமன்றத்திலேயே தன்னை இனவெறிச் சொல்லால் அழைப்பவர்களைப் பற்றிப் பேசினார். அந்த வலி உண்மை. அதற்கு மருந்தாக அவர் கொண்டுவந்திருக்கும் இருபது வருடம் என்பது தவறு. முப்பது மாதத்துக்கு ஒருமுறை போகச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவர் எப்படிக் கடன் வாங்கி வீடு வாங்குவார், எப்படிப் பிள்ளையைப் படிக்கப் போடுவார், எப்படி அந்த ஊரை நேசிப்பார்? எங்கள் ஆட்கள் பதினாறு வருடம், இருபது வருடம், சிலர் நாற்பது வருடம் அப்படி இருந்தார்கள். வீட்டுக் கூரையைக்கூட மாற்றவில்லை, எப்போது போகச் சொல்வார்களோ என்று.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். யாரும் எங்களிடம் கேட்கவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அக்கா ஒரு நாட்டுக்கு, தங்கச்சி ஒரு நாட்டுக்கு. நீலகிரியிலும் கூடலூரிலும் இன்றைக்கும் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்றுதான் பெயர். நாடற்றவர் என்ற பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது 2003இல். 1948இல் இருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடிவரவை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சி 2025 செப்டம்பரில் என்ன சொன்னது தெரியுமா? நிரந்தர வதிவிட உரிமை என்பதையே ஒழிப்போம், ஏற்கனவே அதை வாங்கியவர்களும் புதிதாக வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு பதறியது. அங்கே பல வருடமாக இருக்கிற நம் ஆட்களில் சிலர், களவாக வந்தவர்களைத்தான் அனுப்புவார்கள், நமக்கு ஒன்றுமில்லை என்று சமூக வலைத்தளங்களில் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 1947 தேர்தலில் வாக்குப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய எங்கள் தாத்தாமார்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. இருக்கிற உரிமையை எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு எங்கள் வரலாற்றில் இடமே இல்லை.

சரி, 411 ஆசனம் வென்று வந்த அரசாங்கம் வெறும் 5 ஆசனத்தோடு பாராளுமன்றத்துக்கு வந்த ஃபராஜுக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறது? இதுதான் பரீட்சைக்கும் முக்கியமான கேள்வி. 2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய வாக்கு 33.7 வீதம், அதற்குக் கிடைத்தது 650இல் 411. ரிஃபோர்ம் வாங்கியது 14.3 வீதம், கிடைத்தது 5. லிபரல் ஜனநாயகக் கட்சி அதைவிடக் குறைவாக 12.2 வீதம்தான் வாங்கியது, கிடைத்ததோ 72. தொகுதியில் யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவருக்கே எல்லாம் என்ற முறையில் மூன்றில் ஒரு பங்கு வாக்கைத் தாண்டியவர் முழு நாட்டையும் ஆளலாம். அதே ஏணியில் நாளைக்கு ஃபராஜும் ஏறலாம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அவருடைய கட்சி பத்துச் சபைகளைப் பிடித்துக் காட்டிவிட்டது. அந்தப் பயத்தில்தான் தொழிற்கட்சி அவருடைய பேச்சைத் தானே பேசுகிறது.

நம் நாட்டிலும் இந்த முறை இருந்தது, பிரித்தானியர் கொடுத்ததுதான். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீதம், சுதந்திரக் கட்சிக்கு 36.9 வீதம். வாக்கு அதிகம் வாங்கிய ஐ.தே.கவுக்கு 17 ஆசனம், மற்றவருக்கு 91. 1978 அரசியலமைப்போடு விகிதாசாரத்துக்கு மாறினோம். மலையகத்தைப் பொறுத்தவரை பழைய முறையில் இன்னொரு கொடுமையும் இருந்தது. தொகுதிகளைப் பிரிக்கும்போது ஒரு மாகாணத்தில் எத்தனை ஆட்கள் என்று எண்ணுவார்கள், அதில் வாக்குரிமை இல்லாத எங்களையும் சேர்த்து எண்ணினார்கள். எங்களுடைய தலையால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது, அந்த ஆசனத்துக்கு வாக்குப்போட எங்களுக்கு உரிமை இல்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் கொஞ்ச நேரம் கோபமான சத்தம்தான்.

பிரித்தானியாவிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஜூலை இரண்டாவது வாரத்தை நினைத்துப் பாருங்கள். 7ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் பதவி விலகுவதாக அறிவித்தார். 9ஆம் திகதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போனார்கள், 14ஆம் திகதி கோட்டாபய விலகினார். அங்கே ஒருவரைப் போகவைத்தது அவருடைய சொந்த அமைச்சர்கள். பொய் சொல்லிவிட்டார், இனி இவருக்குக் கீழ் வேலை செய்ய முடியாது என்று இரண்டு மூன்று நாளுக்குள் கூட்டமாக விலகினார்கள். அதற்கு முன்பே பொலிஸ் பிரதமருக்கே அபராதம் விதித்திருந்தது, கொவிட் ஊரடங்கில் விருந்து வைத்ததற்காக. இங்கே எரிபொருள் வரிசையில் ஆட்கள் செத்தும் ஜனாதிபதி கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விண்ட்ரஷ் அநியாயத்தையும் வெளியே கொண்டுவந்தது அந்த நாட்டுப் பத்திரிகைதான், பிறகு 2020இல் வெண்டி வில்லியம்ஸ் என்ற அதிகாரியின் அறிக்கை உள்துறை அமைச்சின் அறியாமையையும் அலட்சியத்தையும் நேராகச் சொன்னது. அரசாங்கமே நியமித்தவர் அரசாங்கத்தையே அப்படிச் சொல்ல முடிகிறது என்பது பெரிய விஷயம். எங்கள் 1948க்கு அப்படி ஒரு அறிக்கை இன்றுவரைக்கும் கொழும்பிலும் வரவில்லை, லண்டனிலும் வரவில்லை.

இன்னொரு விஷயம், இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பெரியவர்களுக்கும் புதிதாக இருந்தது. பொதுநலவாய நாட்டுப் பிரஜை ஒருவர் முறையான வீசாவோடு பிரித்தானியாவில் வசித்தால், பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே அங்கே பொதுத்தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு. கெயார் வீசாவில் போன அந்தப் பிள்ளையின் சித்தி, படிக்கப் போன அண்ணன், எல்லோருக்கும் அந்த உரிமை இருக்கிறது. இதே மண்ணில் பிறந்து இதே மண்ணில் செத்த எத்தனையோ தாத்தாமார்களுக்கு இங்கே கிடைக்காத வாக்கு, அவர்களுடைய பேத்திக்கு லண்டனில் போய் இறங்கிய முதல் வருடத்திலேயே கிடைக்கிறது. அது தெரியாமல் பதியாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

2026 மே 7ஆம் திகதி லண்டன் நகரசபைகளுக்கும் ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சபைகளுக்கும் தேர்தல். வேல்ஸில் அந்தத் தேர்தலில் இருந்து நம்முடையதைப் போன்ற விகிதாசார முறை, அதை வகுப்பில் தனியாக எடுத்துப் பார்க்கப் போகிறோம், உயர்தரப் பிள்ளைகள் விரும்பினால் வந்து உட்காரலாம். அங்கே உறவினர் இருக்கிறவர்கள் இன்றைக்கு வட்ஸ்அப்பில் பேசும்போது, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டாயா என்று கேளுங்கள். இணையத்தில் பதியலாம். லண்டனில் வாக்குச்சாவடிக்குப் போகும்போது படம் உள்ள அடையாள ஆவணம் வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினாலே போதும், அதை ஏற்றுக்கொள்வார்கள்.